நீக்கிய பாகத்தின் இரண்டாவது வேலை: வாகனப் பாதுகாப்புச் சுற்றுகளில் பிழை தேடும் வழி

ஏர்பேக்கையோ ஏபிஎஸ் பிரேக்கையோ இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதியை எளிதாக்குவது என்றால் பெரும்பாலும் ஒரே வேலைதான். ரிலே (மின்காந்தச் சுவிட்ச்), தடித்த டையோடு, ஒப்பீட்டுச் சில்லு (இரு மின்னழுத்தங்களில் எது கூடுதல் என்று சொல்வது), நாலைந்து டிரான்சிஸ்டர்கள் இருந்த இடத்தில் ஒன்றிரண்டு மாஸ்ஃபெட்டுகளை வைக்கிறோம். கேட் என்ற முனைக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தால், சோர்ஸ், டிரெய்ன் என்ற மற்ற இரு முனைகளுக்கு இடையே மின்னோட்டத்தை ஓடவிடும் சுவிட்ச்தான் மாஸ்ஃபெட். இதற்கு நியாயமான காரணம் உண்டு. 5 ஆம்பியர் ஓடும் சிலிக்கான் டையோடு சுமார் 0.7 வோல்ட்டை விழுங்கி 3.5 வாட் வெப்பத்தைக் கக்குகிறது. 10 மில்லிஓம் மாஸ்ஃபெட் அதே வேலையைக் கால் வாட்டில் முடித்துவிடுகிறது. பாகங்கள் குறைந்தால் பற்றாசு இணைப்புகளும் குறையும், பழுதாகும் இடங்களும் குறையும்.

ஆனால் பழைய சுற்றில் இருந்த ஒவ்வொரு பாகமும் தன் பெயருக்குரிய வேலையோடு இன்னொரு வேலையையும் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த டையோடு பேட்டரி, மாற்று மூலம் என்ற இரு மின்மூலங்களைச் சேர்த்ததோடு, மின்னோட்டம் பின்னோக்கி ஓடாமலும் தடுத்தது. ரிலே மின்சாரத்தை இணைத்ததோடு, துண்டிக்கும்போது இரு பக்கத்தையும் முழுமையாகப் பிரித்தும் வைத்தது. எளிதாக்கிய பிறகு முளைக்கும் பிழைகளில் பெரும்பாலானவை, இப்படிக் கேட்பாரின்றிப் போன இரண்டாவது வேலைகள்தான். கீழே உள்ள அறிகுறிகளில் உங்களுடையதைக் கண்டுபிடித்து அங்கிருந்து தொடங்குங்கள்.

அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. ஏர்பேக் சுற்றில் கை வைப்பதற்கு முன் பேட்டரியைக் கழற்றி, அந்த வாகனத்தின் பராமரிப்புக் கையேடு சொல்லும் நேரம் முழுவதும் காத்திருங்கள். பேட்டரி போன பிறகும் பெட்டிக்குள் இருக்கும் சேமிப்பு மின்தேக்கியில் ஏர்பேக்கை வெடிக்கவைக்கும் ஆற்றல் மிச்சமிருக்கும். பையை விரியவைக்கும் சிறு வெடிப்பான்களான தீமூட்டிகளில் பலவற்றுக்கு 1.2 ஆம்பியர் 2 மில்லிநொடி ஓடினாலே போதும். உண்மையான தீமூட்டியில் மல்டிமீட்டரின் முனையை ஒருபோதும் வைக்காதீர்கள். சோதனை முழுவதையும் அதற்குப் பதிலாக 2 ஓம் மின்தடையை இணைத்தே செய்யுங்கள்.

கருவிகளில், மின்னழுத்தம் கணத்துக்குக் கணம் மாறுவதை வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் கட்டாயம் வேண்டும். இங்கே வரும் பிழைகளில் பாதி சில மில்லிநொடிகளுக்குள் நடந்து முடிந்துவிடும். மல்டிமீட்டர் அதைச் சராசரியாக்கி, எல்லாம் சரி என்று காட்டும்.

ஸ்டார்ட் செய்யும்போது பெட்டி மறுதொடக்கம் ஆகிறது. எச்சரிக்கை விளக்கு எரிந்து அணைகிறது

அதிகம் பேர் சந்திக்கும் அறிகுறி இதுதான், அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் கணத்தில் 12 வோல்ட் அமைப்பு 6 வோல்ட்டுக்கு இறங்குவது சாதாரணம். கடுங்குளிரில் சில மில்லிநொடிகள் அதற்கும் கீழே போகும். உடனே பேட்டரியைக் குறை சொல்லத் தோன்றும். முதலில் ஆசிலோஸ்கோப்பின் ஒரு முனையைப் பேட்டரி நுழையும் இடத்திலும், மற்றொன்றை மாஸ்ஃபெட்டைக் கடந்த இடத்திலும் வையுங்கள். பேட்டரி பக்கத்தில் வரும் பள்ளத்தை விட மாஸ்ஃபெட்டுக்குப் பின்னால் வரும் பள்ளம் தெளிவாக ஆழமாக இருந்தால், குற்றவாளி உங்கள் சுற்றுக்குள்ளேயே இருக்கிறது.

நான் பார்த்தவரை பெரும்பாலும் அது கேட்டில் உள்ள மின்தடைப் பிரிப்பான்தான். பி-வகை மாஸ்ஃபெட்டின் கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையே பொதுவாக 20 வோல்ட் வரைதான் தாங்கும். வாகனத்தில் அதற்கு மேலும் வரும் என்று பயந்து, இரண்டு சம மின்தடைகளை வைத்துப் பாதி மின்னழுத்தத்தை மட்டும் கேட்டுக்குக் கொடுக்கிறோம். 14 வோல்ட்டில் கேட்டுக்கு 7 வோல்ட் கிடைக்கும், நன்றாக வேலை செய்யும். ஸ்டார்ட் செய்யும்போது 5 வோல்ட்டாக இறங்கினால் கேட்டுக்கு 2.5 வோல்ட்தான் மிஞ்சும். மாஸ்ஃபெட் அரைகுறையாகத் திறந்து (மின்னோட்டத்தை முழுதாக ஓடவிடாமல்), தானே ஒரு மின்தடையாக மாறிவிடும். உயர் மின்னழுத்தத்திலிருந்து கேட்டைக் காக்க வைத்த பாகமே குறைந்த மின்னழுத்தத்தில் அதைப் பட்டினி போடுகிறது.

தீர்வு சுற்றை இன்னும் எளிதாக்குகிறது. பிரிப்பானை எடுத்துவிட்டு, கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையே 12 முதல் 15 வோல்ட் ஜீனர் டையோடு (மின்னழுத்தம் அந்த அளவுக்கு மேல் ஏறாமல் பிடிப்பது) ஒன்றையும், கேட்டைக் கீழே இழுக்கும் பாதையில் 10 கிலோஓம் ஒன்றையும் வையுங்கள். கேட்டை அணைத்துவைக்க சோர்ஸுக்குப் போகும் 100 கிலோஓம் இருக்கட்டும், அது பறிப்பது பத்தில் ஒரு பங்குதான். மின்னழுத்தம் குறையும்போது கிடைப்பதில் பெரும்பகுதி கேட்டுக்குப் போகும். கூடும்போது ஜீனர் பிடித்துக்கொள்ளும். கூடவே தரவுத் தாளில் 4.5 வோல்ட் கேட் மின்னழுத்தத்துக்கும் மின்தடை குறிப்பிடப்பட்டுள்ள மாஸ்ஃபெட்டைத் தேர்ந்தெடுங்கள். 10 வோல்ட்டுக்கு மட்டும் குறிப்பிட்டிருந்தால் அது இந்த வேலைக்கு உரியதல்ல.

இரண்டு பள்ளங்களும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் மாஸ்ஃபெட் குற்றமற்றது. மின்தேக்கி போதவில்லை. கணக்கு எளிது: 0.5 ஆம்பியர் இழுக்கும் பெட்டியை 11 வோல்ட்டிலிருந்து 7 வோல்ட்டுக்கு இறங்கும்வரை 50 மில்லிநொடி தாங்கிப் பிடிக்க 6250 மைக்ரோஃபாரட் வேண்டும். பெரிய உருளைதான். இதனால்தான் ஏர்பேக் பெட்டிகள் சேமிப்பு மின்தேக்கியை உயர் மின்னழுத்தத்துக்கு ஏற்றி வைக்கின்றன. ஆற்றல் மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், 12 வோல்ட்டுக்குப் பதில் 25 வோல்ட்டில் ஏற்றினால் அதே மின்தேக்கி நான்கு மடங்குக்கும் மேல் சேமிக்கும். இடத்தை மிச்சப்படுத்தப் பீங்கான் மின்தேக்கிகளை நாடுபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: டிசி மின்னழுத்தம் ஏறும்போது அவற்றின் கொள்ளளவு சுருங்கும். உறையில் எழுதிய எண்ணை அப்படியே கணக்கில் போடாதீர்கள்.

இதே அறிகுறிக்கு இன்னொரு மூலமும் உண்டு. பெட்டி உண்மையில் மறுதொடக்கம் ஆகியிருக்காது, இக்னிஷன் அணைந்துவிட்டதாகத் தவறாக நினைத்திருக்கும். இக்னிஷன் கோட்டை (சாவி போட்டிருப்பதைச் சொல்லும் கம்பியை) படிக்க 33 கிலோஓம், 10 கிலோஓம் பிரிப்பான் வைத்தால் 12 வோல்ட்டில் 2.8 வோல்ட் கிடைக்கும். 3.3 வோல்ட் மைக்ரோகன்ட்ரோலர் உறுதியாக "உண்டு" என்று ஏற்கப் பொதுவாக 2.3 வோல்ட் வேண்டும். அதாவது கோடு 10 வோல்ட்டுக்குக் கீழே போனதுமே பதில் சந்தேகத்துக்குரியதாகிவிடும். பிரிப்பானின் விகிதத்தைத் திருகுவதற்குப் பதில், அந்தக் கோட்டை அனலாக் உள்ளீட்டில் படித்து, "உண்டு", "இல்லை" என்ற எல்லைகளை மென்பொருளில் வைப்பதே மேல். உயர் மின்னழுத்தத்தில் உள்ளீட்டைக் காக்கப் பிடிப்பு டையோடு மட்டும் இருக்கட்டும்.

இக்னிஷனை அணைத்த பிறகும் பெட்டி அணையவில்லை

சில நொடிகள் உயிரோடு இருந்தால் அது மின்தேக்கியின் மிச்சம். நிமிடக்கணக்கில் இருந்தால் பின்வழி ஊட்டம்.

மாஸ்ஃபெட்டுக்குள் பிறவியிலேயே ஒரு டையோடு உண்டு. சோர்ஸ் பேட்டரி பக்கமாக இருக்கும் பி-வகை மாஸ்ஃபெட்டில், சுமைப் பக்கம் பேட்டரி பக்கத்தை விட 0.6 வோல்ட் அளவு உயர்ந்தால், கேட் அணைந்திருந்தாலும் அந்த டையோடு வழியாக மின்னோட்டம் பின்னோக்கி ஓடும். பழைய ரிலேயில் இந்தப் பேச்சே இல்லை. தொடர்பு பிரிந்தால் பிரிந்ததுதான். இப்போது இரண்டாவது மூலத்திலிருந்து வரும் மின்சாரம் இக்னிஷன் கோட்டுக்குள் ஏறி, அதே கோட்டில் உள்ள மற்ற பெட்டிகளையும் எழுப்பிவிடுகிறது. பல நேரங்களில் அறிகுறி தெரிவது ஓரிடம், காரணம் இருப்பது வேறிடம்.

கண்டுபிடிக்க, இக்னிஷன் கோட்டைப் பெட்டியிலிருந்து கழற்றி, பெட்டியின் அந்த முள்ளில் மின்னழுத்தம் அளந்து பாருங்கள். அங்கே எதுவுமே இருக்கக் கூடாது. 11 வோல்ட் போல ஏதாவது தெரிந்தால், மீட்டருக்கு இணையாக 1 கிலோஓம் மின்தடை ஒன்றை வைத்து மறுபடி அளவிடுங்கள். உடனே சரிந்தால் அது வெறும் கசிவு. நிலைத்து நின்றால் உண்மையான பாதை. தீர்வு, இரண்டு மாஸ்ஃபெட்டுகளைச் சோர்ஸோடு சோர்ஸ் சேர்த்து முதுகுக்கு முதுகாக வைப்பது. அப்போது இரு உள் டையோடுகளும் எதிரெதிராக நிற்கும். ஒரு பாகம் கூடுகிறதே என்று தயங்க வேண்டாம். பேட்டரியைத் திருப்பி மாட்டினாலும் அதே அமைப்பு காக்கும், தனியாக வைத்திருந்த தலைகீழ்ப் பாதுகாப்பு டையோடை எடுத்துவிடலாம்.

இரு பாகங்களையும் வைத்த பிறகும் பின்வழி ஊட்டம் நீடித்தால், மின் பாதையை விட்டுவிட்டுத் தகவல் கோடுகளைப் பாருங்கள். உயிரோடு உள்ள சென்சாரின் 5 வோல்ட் கோடு, அணைந்த மைக்ரோகன்ட்ரோலரின் உள்ளீட்டுப் பாதுகாப்பு டையோடு வழியாக அதன் மின்கோட்டுக்குள் நுழைந்துவிடும். சில்லு அரை உயிரில் கிடந்து, அடுத்த முறை சரியாகத் தொடங்காமல் அடம்பிடிக்கும். உள்ளீட்டில் 10 கிலோஓம் தொடர் மின்தடை வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இரு மூலங்களுக்கும் இடையே பெட்டி தத்தளிக்கிறது, ரிலே படபடக்கிறது

முதன்மை மூலம் 9 வோல்ட்டுக்குக் கீழே போனால் மாற்று மூலத்துக்குத் தாவு என்று ஒப்பீட்டுச் சில்லிடம் சொல்லியிருக்கிறீர்கள். தாவியதும் முதன்மைக் கோட்டில் சுமை இல்லை, ஆகவே அதன் மின்னழுத்தம் மீண்டும் ஏறுகிறது. சில்லு திரும்பித் தாவுகிறது. மறுபடி சரிகிறது. வயரிங்கிலும் இணைப்புகளிலும் சேர்ந்து 0.2 ஓம் இருந்து, சுமை 2 ஆம்பியர் என்றால் இந்த ஏற்ற இறக்கம் 0.4 வோல்ட். தாவும் அளவுக்கும் திரும்பும் அளவுக்கும் இடையிலான இடைவெளி அதை விட நன்றாகக் கூடுதலாக இருக்க வேண்டும். 1 வோல்ட் வைத்தால் நிம்மதி.

ஒப்பீட்டுச் சில்லையே எடுத்துவிட்டு, இரு மூலங்களையும் இலட்சிய டையோடு சில்லுகளால் (மாஸ்ஃபெட்டை டையோடு போல ஒரு திசையில் மட்டும் ஓடவிடுபவை) சேர்த்துவிடலாம். உயர்ந்த மின்னழுத்தம் உள்ளது தானாகவே சுமையைத் தாங்கும், தாவல் என்ற பேச்சே இல்லை. அழகான எளிமைதான். ஆனால் இதற்குள் ஒரு பொறி இருக்கிறது. 25 வோல்ட்டில் ஏற்றிவைத்த சேமிப்பு மின்தேக்கியை நேரடியாக இப்படிச் சேர்த்தால், உயர்ந்தது அதுதான் என்பதால் விபத்துக்காகப் பத்திரப்படுத்திய ஆற்றலே அன்றாடம் முதலில் செலவாகும். சேமிப்பின் பாதையில் மின்னழுத்தத்தை 6 அல்லது 7 வோல்ட்டுக்குக் குறைக்கும் மாற்றி ஒன்று வேண்டும். அப்போதுதான் பேட்டரி உண்மையிலேயே விழும்போது மட்டும் அது கை கொடுக்கும். சேமிப்பு மின்தேக்கியின் மின்னழுத்தம் இக்னிஷன் போட்ட பிறகு மெல்லச் சரிந்துகொண்டே வந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

மாஸ்ஃபெட் குறுக்குச் சுற்றாகிச் செத்துவிட்டது

மூன்று முனைகளுக்கும் இடையே தொடர்ச்சி காட்டினால் கேட்டின் மெல்லிய காப்புப் படலம் துளைபட்டிருக்கலாம். ஜீனர் இருந்ததா, மாஸ்ஃபெட்டின் கால்களுக்கு அருகில் இருந்ததா என்று பாருங்கள். டிரெய்னும் சோர்ஸும் மட்டும் ஒட்டியிருந்தால், கூடுதல் மின்னழுத்தமோ வெப்பமோ காரணம்.

ஆல்டர்னேட்டர் மின்னேற்றிக்கொண்டிருக்கும்போது பேட்டரி இணைப்பு கழன்றுவிட்டால், கோட்டில் பெரிய எழுச்சி வரும். வாகன மின்சாதனங்களுக்கான ஐஎஸ்ஓ 16750-2 தரநிலையின் சோதனை, ஆல்டர்னேட்டருக்குள் எழுச்சியை அடக்கும் பிடிப்பு இல்லாத 12 வோல்ட் அமைப்புக்கு 79 முதல் 101 வோல்ட் வரை வைக்கிறது. பிடிப்பு இருந்தால் 35 வோல்ட் அளவில் நிற்கும். இந்த எழுச்சி நூற்றுக்கணக்கான மில்லிநொடிகள் நீடிக்கக்கூடியது. சிறிய எழுச்சித் தடுப்பு டையோடு இதைத் தாங்காது. 40 வோல்ட் மாஸ்ஃபெட்டைப் போட்டுவிட்டு, வாகனத்தில் பிடிப்பு இருக்கும் என்று நம்பிக்கொண்டிருப்பது எனக்கு உடன்பாடில்லை. எந்த வாகனம் என்று தெரியாவிட்டால் உயர்ந்த கணக்கையே எடுங்கள்.

வெப்பமாக இருந்தால், சூடேறும்போது மாஸ்ஃபெட்டின் மின்தடையும் ஏறும் என்பதைக் கணக்கில் சேருங்கள். 150 டிகிரி செல்சியஸில் அது அறை வெப்பநிலை அளவை விட ஒன்றரை மடங்குக்கும் மேலாக இருக்கும்.

பேட்டரியை இணைக்கும் கணத்தில், கட்டளை இல்லாமலே சுமை ஒரு கணம் உயிர்பெறுகிறது

பாதுகாப்புச் சுற்றில் இதை அலட்சியம் செய்யக் கூடாது. சோர்ஸ் திடீரென 12 வோல்ட்டுக்கு எகிறும்போது, கேட்டுக்கும் டிரெய்னுக்கும் இடையிலுள்ள கொள்ளளவு கேட்டைக் கீழே பிடித்து வைக்கிறது. மாஸ்ஃபெட்டுக்கு அது திறக்கும் கட்டளையாகவே தெரியும். இயக்கும்போது பாயும் முதல் மின்னோட்டத்தை மட்டுப்படுத்த, கேட்டுக்கும் டிரெய்னுக்கும் இடையே தனி மின்தேக்கி வைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையே அதை விடப் பல மடங்கு பெரிய மின்தேக்கி ஒன்றை வையுங்கள்.

முதல் மின்னோட்டத்தை மட்டுப்படுத்துவது தேவையில்லை என்று அதை நீக்கிவிடவும் வேண்டாம். 1000 மைக்ரோஃபாரட்டை 100 மைக்ரோநொடியில் 12 வோல்ட்டுக்கு ஏற்ற 120 ஆம்பியர் தேவைப்படும், 10 மில்லிநொடியில் ஏற்றினால் 1.2 ஆம்பியர் போதும். ஃபியூஸ் காரணமின்றிப் போகிறது என்ற புகாரில் பாதிக்கு இதுவே விடை.

ரிலேயை மாற்றியதும் அதை இயக்கும் டிரான்சிஸ்டர் எரிந்தது

எல்லா ரிலேக்களையும் நீக்கிவிட முடியாது, மிஞ்சியிருப்பவற்றில் இது வரும். உள்ளே டையோடு உள்ள ரிலேயில் 85, 86 முனைகளுக்குத் திசை உண்டு. உள்ளே மின்தடை மட்டும் உள்ளதில் திசை இல்லை. வெளித்தோற்றம் ஒன்றுதான். கம்பிகள் மாறியிருந்தால் டையோடு நேரடியாகக் குறுக்கே நின்று டிரான்சிஸ்டரைக் கொன்றுவிடும். உறைமேல் அச்சிட்ட படத்தை ஒரு முறை பார்த்தால் போதும்.

இன்னொன்று, எஞ்சின் சூடான பிறகு மட்டும் ரிலே இழுக்க மறுப்பது. செம்புக் கம்பியின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.39 சதவீதம் ஏறும். 20 டிகிரியில் 7.2 வோல்ட்டில் இழுத்த ரிலேக்கு 85 டிகிரியில் 9 வோல்ட் தேவைப்படும். மேசையில் வைத்துச் சோதித்தால் இது ஒருபோதும் தெரியாது.

சுவிட்ச் நன்றாக இருக்கிறது. ஆனால் பெட்டி அதைச் சில நேரம் படிப்பதில்லை

சீட் பெல்ட் கொக்கியின் சுவிட்சில் இதை அடிக்கடி பார்க்கலாம், அது இயந்திரத் தொடர்பாக இருந்தால். பழைய சுற்றில் அந்தச் சுவிட்ச் ஒரு விளக்கையோ ரிலேயின் சுருளையோ நேரடியாக இயக்கியது. ரிலேயின் சுருள் இழுக்கும் 100 மில்லிஆம்பியருக்கும் மேற்பட்ட மின்னோட்டம் தொடர்புப் பரப்பில் படியும் மெல்லிய ஆக்சைடைத் தானாகவே எரித்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தது. இப்போது 100 கிலோஓம் வழியாக மைக்ரோஆம்பியர் கணக்கில் ஓடும்போது அந்தப் படலம் அப்படியே தங்கிவிடுகிறது. சுவிட்சை மாற்றினால் சில மாதம் ஓடும், பிறகு மறுபடி வரும். படிக்கும் கணத்தில் மட்டும் 10 மில்லிஆம்பியர் அளவு ஓடும்படி செய்தால் நிரந்தரமாகத் தீரும், பேட்டரியும் வீணாகாது.

மேசையில் சரி, வாகனத்தில் தவறு

கிரவுண்டைப் பாருங்கள். மேசையில் எல்லாக் கிரவுண்டும் ஒரே புள்ளி. வாகனத்தில் பெட்டி ஓரிடத்திலும், சுமை வேறோரிடத்திலும் உடல் உலோகத்தோடு சேர்கின்றன. இரண்டுக்கும் இடையே, பெரிய சுமைகள் ஓடும்போது, ஆசிலோஸ்கோப் வைத்து அளவிடுங்கள். அரை வோல்ட் தெரிந்தாலே 5 வோல்ட் அனலாக் சென்சாரின் அளவு பத்து சதவீதம் தள்ளிப்போகும்.

எல்லாம் நன்றாக வேலை செய்கிறது. ஒற்றைப் பிழைச் சோதனையில் மட்டும் தோற்கிறது

எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான், ஏனெனில் அன்றாட ஓட்டத்தில் எந்த அறிகுறியும் தெரியாது. ஏர்பேக் தீமூட்டியின் மேலே ஒரு சுவிட்ச், கீழே ஒரு சுவிட்ச், அவற்றுக்கும் முன்னால் தனியாக இயங்கும் ஒரு காப்புச் சுவிட்ச் என்று தொடராக இருக்கும். எளிதாக்க வருபவரின் கண்ணுக்கு இது ஒரே வேலையை மூன்று பேர் செய்வதுபோல் தெரியும். ஒன்றை எடுத்தாலும் சுற்று வேலை செய்யும். ஆனால் மீதியுள்ளதில் ஒன்று குறுக்குச் சுற்றாகும் நாளில், விபத்து இல்லாமலே பை விரியும் இடத்துக்கு ஒரு படி நெருங்கிவிட்டோம். இரு சுவிட்சுகளையும் விட்டுவைத்து, இரண்டையும் ஒரே மைக்ரோகன்ட்ரோலர் முள்ளிலிருந்து இயக்குவதும் இதே தவறுதான், அது படத்தில் கண்ணுக்குத் தெரியாது. வாகன மின்னணு அமைப்புகளின் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 26262 தரநிலை 2011-இல் வந்தது, 2018-இல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. ஒன்றையொன்று சாராத பாதைகள் உண்மையிலேயே சாராதவையா என்று நிரூபிக்கச் சொல்கிறது அது.

சோதிக்கும் முறை இது. தீமூட்டிக்குப் பதில் 2 ஓம் மின்தடையை இணைத்து, அதன் மின்னோட்டத்தை ஆசிலோஸ்கோப்பில் வையுங்கள். தொடரில் உள்ள மாஸ்ஃபெட்டுகளில் ஒன்றின் டிரெய்னையும் சோர்ஸையும் ஒரு கம்பியால் சேருங்கள். இக்னிஷனைப் போட்டு, ஸ்டார்ட் செய்வதுபோல் மூலத்தை 6 வோல்ட்டுக்கு இறக்கி ஏற்றி, அணையுங்கள். மின்தடையில் கண்டறிதலுக்கான சில பத்து மில்லிஆம்பியரைத் தவிர எதுவும் ஓடக் கூடாது, எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும். கம்பியை எடுத்துவிட்டு அடுத்த மாஸ்ஃபெட்டுக்குப் போங்கள். பிறகு மைக்ரோகன்ட்ரோலரின் ஒவ்வொரு கட்டளைக் கோட்டையும் ஒருமுறை கிரவுண்டுக்கும், ஒருமுறை மின்கோட்டுக்கும் இழுத்து இதையே செய்யுங்கள். எந்தக் கோட்டை இழுக்கும்போது இரண்டு சுவிட்சுகள் ஒன்றாகத் திறக்கின்றனவோ, அங்கே நீக்கிய பாகத்தைத் திரும்ப வையுங்கள்.